ஏரலுக்கு ஒரு அலைவரிசை: ஹாம் ரேடியோ நாட்குறிப்பு

19 ஜனவரி 2025, ஞாயிறு

தூத்துக்குடியில் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் பெற்று, செல்போன் கோபுரம் இல்லாமலே ரேடியோ வழியே பேசிக்கொள்ளும் ஆர்வலர்கள், கூடும் மாடி அறைக்கு இன்று முதன்முறையாகப் போனேன். என்னை அங்கே அனுப்பியது 2023 டிசம்பர் வெள்ளம்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு, செல்போன்கள் ஊமையாகிப்போன அந்த நாள்களில், ஏரலில் இருந்த அப்பா என்ன ஆனார் என்று தெரியாமல் தவித்தேன். இனியொரு முறை அப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க எனக்கு மனமில்லை.

வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பெண் நான் ஒருத்திதான். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி எடுத்த எடுப்பிலேயே, “கருவி எதுவும் வாங்கிவிட்டாயாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியானார். ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கையடக்கக் கருவி கிடைக்கிறதுதான். ஆனால், உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். இது தெரியாமல் வாங்கிவிடுகிறவர்கள் பலர். கிளப் வாசலை மிதிப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

கிளப்பின் பழைய ஆன்டெனாவை இறக்கினோம். இந்த ஊரின் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. கேபிள் முனையைப் பிரித்தால் உள்ளே செம்புப் பின்னல் பச்சையாகப் பூத்திருந்தது. அண்ணாச்சி கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்தார். மேலுறையைக் கத்தியால் சுற்றிலும் கீறி, பின்னலின் ஓர் இழைகூட அறுபடாமல் உரித்து, புதிய கனெக்டரைச் செருகி, ஈயம் உருகித் தானாக உள்ளே இழுபடும் வரை சால்டரிங் அயர்னைப் பிடித்திருந்தார். பிறகு தண்ணீர் புகாதபடி ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினார். மேலிருந்து சுற்றினால் மடிப்புகளில் மழைநீர் தங்கிவிடுமாம்.

புது ஆன்டெனாவுக்கு 7.1 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அரை அலைநீளக் கம்பி ஏறக்குறைய 20 மீட்டர் வரும். கொஞ்சம் கூடுதலாகவே விட்டுக் கட்டி, அனுப்பும் திறன் ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துப் பார்த்து இரு பக்கமும் சமமாக நறுக்கினோம். சூத்திரம் எனக்கு முன்பே தெரியும். ஆனால், தரை, சுவர், பக்கத்துத் தகரக் கூரை எல்லாம் சேர்ந்து அந்தக் கணக்கை எப்படி மாற்றுகின்றன என்பது கம்பியைக் கையில் பிடித்த பிறகுதான் விளங்கியது.

23 மார்ச் 2025, ஞாயிறு

ஹாம் உரிமத் தேர்வுக்குப் படிக்கிறேன். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். முதல் நிலைக்கு மோர்ஸ் என்ற புள்ளி-கோட்டுத் தந்திக் குறியீடு தேவையில்லை. ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் வேண்டும். முதல் நிலைக்கே விண்ணப்பித்திருக்கிறேன்.

ஆனாலும் அண்ணாச்சி மோர்ஸ் சொல்லித்தரும்போது நானும் உட்கார்ந்துவிடுகிறேன். புள்ளி, கோடு என்று எண்ணாதே, தாளமாகக் கேள் என்கிறார். செயற்கைக்கோள் வழிப் பாதுகாப்பு முறை 1999-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் கப்பல்களில் இவருடைய வேலையே இல்லாமல் போனது. அந்தக் கை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. கிளப் இல்லாவிட்டால் இந்த வித்தை இவரோடு போயிருக்கும் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

15 ஜூன் 2025, ஞாயிறு

தேர்வில் தேறிவிட்டேன். உரிமம் இன்னும் வரவில்லை. இந்தக் காத்திருப்பில்தான் பலர் கழன்றுகொள்கிறார்கள். என்னோடு சேர்ந்த கல்லூரி மாணவர்களை இப்போது காணோம்.

சேர நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிளப்பில் சண்டை உண்டு. இருக்கிற பணத்தில் ரிப்பீட்டருக்கு (சிறு கருவிகளின் அலையை வாங்கித் தொலைவுக்கு மறு ஒலிபரப்பும் நிலையம்) பேட்டரி வாங்குவதா, புது ஆன்டெனா போடுவதா என்று இன்று குரல்கள் உயர்ந்தன. கணினி வழியே எழுத்தாகச் செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறைகளைப் பேச்சே இல்லாத பேச்சு என்று மூத்தவர்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். இது எனக்கு ஏற்புடையதல்ல. மிகக் குறைந்த திறனில், இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் சமிக்ஞையைக்கூட மீட்டெடுக்கும் முறையை ஒதுக்கிவைத்தால் இளைஞர்கள் எப்படி வருவார்கள்? இதைச் சபையிலேயே சொன்னேன். அண்ணாச்சி, “அந்தப் பெண் சொல்வது சரி” என்றார்.

5 அக்டோபர் 2025, ஞாயிறு

உரிமத்தோடு அழைப்புக்குறி, அதாவது வானொலியில் என் பெயராக நிற்கும் குறியீடு, கையில் வந்துவிட்டது. முதல் நிலை என்பதால் வி.யு.3 என்று தொடங்குகிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் பேரிடர்த் தொடர்பு ஒத்திகை வைத்தோம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு அந்தமானில் இருந்தபோதுதான் சுனாமி தாக்கியது. போர்ட் பிளேரிலிருந்து அவர்கள் செய்திகளை அனுப்ப முடிந்ததற்குக் காரணம், கருவியும் பழகிய கையும் அங்கே முன்பே இருந்ததுதான். நாங்களும் அப்படித் தயாராக இருக்க வேண்டும்.

நான் ஏரலில், அப்பா வீட்டு மாடியில். கையடக்கக் கருவியில் 145 மெகாஹெர்ட்ஸில் அழைத்தேன், தூத்துக்குடி கேட்கவில்லை. நேர்ப்பார்வையில் தடை இல்லாவிட்டால் ஐந்து வாட் அந்தத் தூரம் போகக்கூடும், ஆனால் நடுவில் தென்னையும் கட்டடங்களும் மறித்தன. உடன் வந்த மூத்த உறுப்பினர் கார் பேட்டரியில் 7 மெகாஹெர்ட்ஸ் நிலையத்தை இயக்கினார். கம்பியை வேண்டுமென்றே ஆளுயரத்தைச் சற்றுத் தாண்டித் தாழ்வாகக் கட்டியிருந்தோம். அலை செங்குத்தாக மேலேறி, வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பக்கத்து ஊர்களிலேயே இறங்கும். தூத்துக்குடி தெளிவாகப் பதில் சொன்னது.

மாதிரிச் செய்தி: “குழந்தைகள் 12, கர்ப்பிணி 1, இன்சுலின் தேவை.” நான் எழுதிக் கொடுத்ததை அவர் படிக்க, மறுமுனை ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தியது. பன்னிரண்டு என்று சொன்ன பிறகும் “ஒன்று, இரண்டு” என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரைச்சலில் பன்னிரண்டு இருபத்திரண்டாகக் கேட்டுவிடக் கூடாது.

அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். “அன்றைக்கு இது இருந்திருந்தால் உனக்குத் தகவல் சொல்லியிருப்பேனே” என்றார்.

கார் பேட்டரியை நம்பி இருக்க முடியாது. வெள்ளத்தில் முதலில் மூழ்குவது கார்தான். மாடியிலேயே வைக்க ஒரு பேட்டரியும் சூரியத் தகடும் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதற்குப் பணம் கேட்கப்போகிறேன். மறுபடி குரல்கள் உயரும், உயரட்டும்.