கம்மவான்பேட்டையில் மூன்றரை நொடி

வேலூரிலிருந்து ஆரணி ரோட்டில் கணியம்பாடி வரை பஸ். அப்புறம் நண்பனின் பைக். கம்மவான்பேட்டைக்கு மிலிட்டரிப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. அநேகமாக வீட்டுக்கு ஒருவர் பட்டாளம். நண்பனின் பெரியப்பா மட்டும் விமானப்படை, அதிலும் பீரங்கிகளைக் கழற்றித் துடைத்து மாட்டுகிற ஆயுதப் பிரிவு.

விமானத்தில் இருப்பது பெரிய சைஸ் மெஷின்கன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். திண்ணையில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வந்தது. பெரியப்பா என்னிடம் மஞ்சள் அஞ்சு ரூபாய்க் காசு ஒன்றைக் கேட்டு வாங்கி, தட்டின் ஓரத்தில் வைத்தார். "மிக்-21 குண்டு இவ்ளோ அகலம், தம்பி. 23 மில்லிமீட்டர். உள்ளே வெடிமருந்து இருக்கும், பட்ட இடத்துல வெடிக்கும்."

மிக்-21 போர் விமானத்தில் இருந்த அந்தப் பீரங்கியின் பெயர் ஜிஎஸ்எச்-23. ரஷ்யச் சரக்கு, இரட்டைக் குழல். இரண்டு மல்லாட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றைப் பின்னே இழுத்தார், மற்றதை முன்னே தள்ளினார். ஒரு குழல் சுடுகிற வேகமே அடுத்த குழலுக்குக் குண்டை ஏற்றிவிடுமாம். முதல் உலகப்போர் சமயத்தில் கார்ல் காஸ்ட் என்ற ஜெர்மானியர் கண்ட வழி. உள்ளேயிருந்து பெரியம்மா, "ஒரே உரல்ல ரெண்டு பேர் நெல்லு குத்துற மாதிரின்னு சொல்லேன், அந்தப் புள்ளைக்குப் புரியும்" என்றார். புரிந்தது.

நிமிடத்துக்குச் சுமார் 3,400 குண்டு என்ற கணக்கு. ஆனால் இருந்ததே 200. விரலை அழுத்திப் பிடித்தால் மூன்றரை நொடியில் காலி.

ஏவுகணை வந்தாச்சு, இனி பீரங்கி எதற்கு என்று ஒரு காலத்தில் பல நாடுகளில் நினைத்தார்கள். நம்மிடம் வந்த மிக்-21 எஃப்எல் என்ற ரக விமானத்தில் உள்ளே பீரங்கியே கிடையாது. 1971 போருக்கு ஜிபி-9 என்ற பெட்டிக்குள் வைத்து வயிற்றுக்கடியில் மாட்டினார்கள். டிசம்பர் 12 அன்று கட்ச் வளைகுடா மேலே பாகிஸ்தானின் எஃப்-104 போர் விமானம் விழுந்தது அந்தப் பீரங்கியால்தான். இதைச் சொல்லும்போது பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். இப்போதைய தேஜஸிலும் இதே ஜிஎஸ்எச்-23தான்.

நாட் என்ற சின்னப் போர் விமானத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறியது. அதில் 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி இரண்டு, சண்டைக்கு நடுவே சிக்கிக்கொள்கிற வியாதியோடு. "மேலே போனவன் குறி வச்சி அழுத்துறான், சுடல. கீழே இறங்கினதும் யாரைத் திட்டுவான்? என்னைத்தான்." இடது ஆட்காட்டி விரலைக் காட்டினார், நுனி சப்பை. குண்டுப் பட்டையை ஏற்றும்போது நசுங்கியதாம். ஆறாத கோபம் விரல்மேல் இல்லை, பட்டைமேல்.

கிளம்பும்போது அந்த அஞ்சு ரூபாயைக் கேட்டேன். தட்டில் இல்லை. பேத்தி கடைக்குப் போயிருந்தாள்.