முப்பட்டகத்துக்குப் பேர், பிளவுக்கு வேலை

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, பழைய சிடி, ஷேவிங் பிளேடு இரண்டு துண்டு, இவ்வளவுதான், போன வாரம் வீட்டிலேயே ஒரு நிறமாலைநோக்கி (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி) செய்தேன். ஒளி நுழையும் பிளவுக்காக வைத்த பிளேடுகளுக்கு நடுவே முதலில் தாராளமாக இடம் விட்டுவிட்டதால், சிஎஃப்எல் விளக்கைப் பார்த்தால் நிறங்கள் எல்லாம் குழைந்து தெரிந்தன. இடைவெளியை முடி அளவுக்குக் குறைத்ததும் பச்சை, ஊதா என்று தனித்தனிக் கோடுகள்! கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் விளக்குக்கு முன்னால் பிளவின் அகலத்தை மாற்றும் திருகைத் திருகியபோது இது மண்டையில் ஏறவே இல்லை.

முப்பட்டகத்தால் (முக்கோணக் கண்ணாடியால்) சூரிய ஒளியைப் பிரிக்க நியூட்டன் ஜன்னல் கதவில் போட்டது கால் அங்குல வட்டத் துளை. ஒவ்வொரு நிறமும் ஒரு வட்டமாகச் சுவரில் விழுந்து பக்கத்து நிறத்தின் மேல் ஏறிக்கொள்ளும். (குறுகிய நீள்துளைதான் மேல் என்று பின்னாளில் அவரே எழுதினார், ஆனாலும் அந்த நிறங்களின் குறுக்கே ஓடும் கருங்கோடுகள் அவருக்குச் சிக்கவில்லை.) 1802இல் ஆங்கிலேய விஞ்ஞானி வொல்லாஸ்டன் பிளவு வழியாகப் பார்த்து அந்தக் கோடுகளைக் கண்டார், நிறங்களின் எல்லை என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார், பாவம்.

எனக்குப் பிடித்தவர் ஃபிரான்ஹோபர். கண்ணாடி செய்கிறவர். தொலைநோக்கி லென்ஸுக்காகக் கண்ணாடியின் ஒளிவிலகலைத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது, அதற்கு நிலம் அளக்கும் தியோடலைட்டை எடுத்து, அதன் தொலைநோக்கிக்கு முன்னால் முப்பட்டகத்தை வைத்துவிட்டார். பிளவு இருந்தது 24 அடி தள்ளி. 1814இல் சூரிய ஒளியில் அவர் எண்ணிய கோடுகள் 574.

ஏன் 24 அடி? பிளவிலிருந்து வரும் ஒளி விரிந்துகொண்டே போகும், தூரத்தில் நின்றால்தான் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வந்து சேரும். அதே பிளவை ஒரு லென்ஸின் குவியத்தில் வைத்துவிட்டால் அந்த நீளமே தேவையில்லை. நாம் இணையாக்கி என்று படித்தது இதைத்தான். வேதியியலாளர் புன்சனும் இயற்பியலாளர் கிர்க்காஃபும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 1859 வாக்கில் செய்த கருவியில் எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது, சுருட்டுப் பெட்டி என்றுகூடச் சொல்வார்கள். உள்ளே கறுப்பு பூசி, இரண்டு பக்கமும் தொலைநோக்கிகள், நடுவில் கார்பன் டைசல்ஃபைடு நிரப்பிய உள்ளீடற்ற முப்பட்டகம். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கென்று கோடுகள் உண்டு என்பதால், அதை வைத்து 1860இல் சீசியம், மறுவருஷம் ருபீடியம் என்று இரண்டு புதுத் தனிமங்கள்.

அவர்களுடைய பிளவு? இரண்டு பித்தளைக் கத்திமுனைகள். சரி, என் பிளேடும் அந்த வம்சம்தான். கார்பன் டைசல்ஃபைடை மட்டும் வீட்டில் முயன்றுவிடாதீர்கள், விஷம், சட்டென்று தீயும் பிடிக்கும்.