பாட்டியின் நினைவுக்கல்: மூன்றாவது பலகை

குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், பாட்டியின் நினைவாக ஒரு கல் செதுக்கத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. சாம்பல் நிறக் கிரானைட்டில் முதல் இரண்டு பலகைகள் கெட்டுப்போயின. மூன்றாவதில் பெயர் முழுமையாக வந்துவிட்டது.

முதல் பலகை கெட்டதற்குக் காரணம், நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரை எழுத்துக்கும் பயன்படுத்தியதுதான். வட்ட பிளேடைக் கல்லில் இறக்கினால், வெட்டு அடியில் குறுகியும் மேற்பரப்பில் நீண்டும் விழும். 100 மி.மீ. விட்டமுள்ள பிளேடு 3 மி.மீ. ஆழம் இறங்கும்போது மேலே ஏறக்குறைய 34 மி.மீ. நீளத்துக்குக் கோடு விழுந்துவிடும் என்று பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். என் எழுத்துகளின் உயரமே 40 மி.மீ. தான். 'ன'வின் சுழியை அந்தக் கிரைண்டரால் வெட்டப் போய், பக்கத்து எழுத்தின் காலையும் சேர்த்து அறுத்துவிட்டேன். இப்போது ஓரங்களை நறுக்க மட்டுமே அதை எடுக்கிறேன்.

சுழிகளுக்கு ஏற்றது, உயரத்தில் தொங்கும் மோட்டாரிலிருந்து வளையும் தண்டின் வழியே சுழலும் வைரப் பிட். நான் வாங்கியவை நிக்கல் பூச்சில் ஒரே அடுக்காக வைரத்துகள் பதித்தவை. இரண்டாவது பலகையில் தண்ணீரின்றி ஓட்டியதால், அரை மணி நேரத்தில் முனை வழவழப்பாகிக் கல்லை அறுக்காமல் சூடாக்கத் தொடங்கியது. நான் மேலும் அழுத்த, எழுத்தின் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. மூன்றாவது பலகைக்கு, மருந்துக்கடையில் வாங்கிய டிரிப் குழாயை ஆணியில் மாட்டி, பிட் தொடும் இடத்தில் நீர் சொட்டச் செய்தேன். அதே வகைப் பிட் ஒன்று பெயர் முழுவதையும் தாங்கியது. நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவியைப் பொருத்திய பிறகே வேலையைத் தொடங்கினேன்.

நீர் சொட்டுவதற்கு இன்னொரு முக்கியமான பயன் உண்டு. கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கிறது. அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த முடியாது. நீர் தூசியை அடக்கினாலும் முகக்கவசத்தைக் கழற்றுவதில்லை. வழியும் சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்துவிடுகிறேன். காய்ந்தால் அதுவே மீண்டும் தூசியாகப் பறக்கும்.

பாட்டியின் பெயரில் மூன்று புள்ளிகள் வருகின்றன. பழைய கல்வெட்டுகள் பெரும்பாலும் புள்ளியிடாமலே விட்டன. நான் அப்படி விட விரும்பவில்லை. உருண்டை முனைப் பிட்டை நட்டுக்குத்தாகப் பிடித்து இறக்கியபோது அது வழுக்கி ஓடியது. முதலில் கார்பைடு உளியால் சிறு குழி கொத்திக்கொண்டு இறக்கினால் நிலைத்து நிற்கிறது. இரவில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்ததில், நடுப்புள்ளி மட்டும் சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. மற்ற இரண்டையும் அதன் அளவுக்கு அகலப்படுத்திவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை ஆண்டு எண்களைத் தொடங்குவேன்.