பாசியின் பசிக் கணக்கு

பாசி வளர்க்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த மீடியம் போடுகிறீர்கள்?" என்பதுதான். மீடியம் என்றால் பாசி வளரும் ஊட்டக் கரைசல். பிஜி-11 என்றோ போல்ட் பேசல் மீடியம் என்றோ பதில் வரும். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு கால்குலேட்டர் போதும்.

பிஜி-11இல் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட். அதில் நைட்ரஜன் ஏறத்தாழ 247 மில்லிகிராம். பாஸ்பரஸோ 7 மில்லிகிராம்தான். பாசியின் உலர் எடையில் நைட்ரஜன் சுமார் 7 சதவீதம், பாஸ்பரஸ் சுமார் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நைட்ரஜனைக் கொண்டு லிட்டருக்கு மூன்றரை கிராம் பாசி எடுக்கலாம். அந்தப் பாஸ்பரஸுக்கு முக்கால் கிராம்கூடத் தேறாது. போல்ட் மீடியம் நேர் எதிர். நைட்ரஜன் 41 மில்லிகிராம், பாஸ்பரஸ் 53. 0.6 கிராம் பாசி வளர்வதற்குள் நைட்ரஜன் தீர்ந்துவிடும், பாஸ்பரஸ் 5 கிராமுக்குப் போதும். கடல் மிதவை உயிர்களில் ரெட்ஃபீல்ட் என்ற கடலியல் ஆய்வாளர் கண்ட விகிதம், அணுக்கணக்கில் 16 நைட்ரஜனுக்கு 1 பாஸ்பரஸ். பிஜி-11இல் இது 75ஐத் தாண்டுகிறது, போல்டில் 2ஐக்கூடத் தொடவில்லை. குளோரெல்லா என்ற ஒரே பச்சைப் பாசியை இரண்டிலும் வளர்க்கிறோம், அது இரண்டிலும் வளரவும் செய்கிறது!

இவற்றை எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. குடுவையில் இனங்களை உயிரோடு காப்பதற்கு எழுதிய குறிப்புகள் இவை. பிஜி-11 நீலப்பச்சைப் (புளூ-கிரீன்) பாசிக்காக வந்தது, பெயரே அதிலிருந்துதான். தொட்டியில் அடர்த்தியாக வளர்த்து அறுவடை செய்யும் இடத்துக்கு இவை பழக்கத்தால் வந்து சேர்ந்தன. எதையாவது கூட்டினால் விளைச்சல் கூடுமா என்று கேட்டால், "எல்லாத்தையும் ரெட்டிப்பாப் போடுங்க" என்பதுதான் எங்கள் இடத்தில் வழக்கமான பதில். அது மலிவான பதிலும் அல்ல. மிச்சமாகும் நைட்ரேட் கழிவுநீரோடு போகிறது, அதற்கும் நாம்தான் பொறுப்பு.

வளர்சிதை மாற்ற மாடல் என் மேசைக்கு வந்தது இந்தச் சூழலில்தான். குளோரெல்லா வல்காரிஸுக்கு 2016இல் வெளியான மாடலில் 843 மரபணுக்கள், 2,294 வினைகள். எண்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை, அடிப்படையில் அது ஒரு பெரிய வரவுசெலவுப் புத்தகம். ஒவ்வொரு வினையிலும் எந்தப் பொருள் எத்தனை பங்கு செலவாகிறது, எது எத்தனை பங்கு உண்டாகிறது என்று எழுதியிருக்கும். செல்லுக்குள் எதுவும் தேங்கவும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை என்று வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் ஒளி, கரியமில வாயு, நைட்ரேட், பாஸ்பேட் இவற்றுக்கு ஓர் உச்சவரம்பு கொடுத்து, அதிகபட்சம் எவ்வளவு வளர முடியும் என்று கணினியைக் கேட்கிறோம். வரம்புகளுக்குள் அதிகபட்சத்தைத் தேடும் நேரியல் திட்டமிடல் என்ற கணித முறைதான். சாதாரண மடிக்கணினியில் கண் இமைப்பதற்குள் விடை வந்துவிடும்.

எல்லோரும் அந்த விடையில் வளர்ச்சி வேகத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை, வளர்ச்சி வேகத்தைத் தொட்டியிலேயே அளந்துவிடலாமே. விடையோடு கூடவே வரும் நிழல் விலைதான் என் வேலையை மாற்றியது. ஒவ்வொரு பொருளையும் இன்னும் ஒரு துளி கூடுதலாகக் கொடுத்தால் வளர்ச்சி எவ்வளவு ஏறும் என்பதை அது சொல்கிறது. நைட்ரேட்டுக்கு நிழல் விலை பூஜ்யம் என்றால், அந்த நேரத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பயன் இல்லை.

தொட்டியில் எடுத்த அளவுகளைப் போட்டுப் பார்த்தபோது கிடைத்த சித்திரம் எளிமையானது. பாசி மெலிதாக இருக்கும்போது ஒவ்வொரு செல்லுக்கும் ஒளி தாராளம், நைட்ரஜன் தேவை உச்சம். அடர்த்தி ஏற ஏற ஒன்றின் நிழலில் இன்னொன்று மாட்டிக்கொள்கிறது. ஒரு கிராம் பாசிக்குக் கிடைக்கும் ஒளி சரிகிறது, நைட்ரேட்டின் நிழல் விலை பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. தொட்டி நன்றாகப் பச்சையாகி, "இப்பத்தான் நல்லா சாப்பிடும்" என்று நாங்கள் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அதுதான். அந்த நேரத்தில் அது கேட்டது வெளிச்சத்தை.

இதற்கு மாடல் எதற்கு, பாசியின் எடையை வளர்ச்சி வேகத்தால் பெருக்கி, அதை 7 சதவீதத்தால் பெருக்கினால் போதாதா என்று ஒரு சக பொறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த 7 சதவீதம் நிலையாக இருந்தால் பெருக்கலே போதும், மாடலைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். அது நிலையாக இருப்பதில்லை. வேகமாக வளரும் செல்லில் புரதம் அதிகம், நைட்ரஜனும் அதிகம். நைட்ரஜன் குறையக் குறைய அதே செல் மாவுப்பொருளையும் எண்ணெயையும் சேர்க்கத் தொடங்குகிறது, பச்சையம் குறைந்து மஞ்சளிக்கிறது. எனவே மாடலில் 'ஒரு கிராம் பாசி என்றால் என்ன' என்று சொல்லும் சமன்பாட்டை வளர்ச்சிக் கட்டத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். அதற்குப் புரதம், மாவு, எண்ணெய், பச்சையம் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். உண்மையான உழைப்பு அங்கேதான், கணினியில் இல்லை. இதைச் செய்யாமல் இணையத்திலிருந்து இறக்கிய மாடலை அப்படியே ஓட்டி, வந்த எண்ணை வைத்து ஊட்ட அட்டவணை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிஜி-11ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அளந்து போட்டபின் நடைமுறை மாறியது. மொத்த நைட்ரேட்டையும் முதல் நாளே கொட்டுவதை விட்டுவிட்டு, மாடல் சொல்லும் தேவைக்குச் சற்று மேலே வைத்துத் தவணையாகக் கொடுக்கிறோம். நைட்ரேட் செலவு குறைந்தது, கழிவுநீர் அறிக்கையும் பார்க்கும்படி ஆனது.

பாஸ்பரஸ் விஷயத்தில் மாடல் சறுக்கியது. தண்ணீரில் பாஸ்பேட் தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும் என்றது. பாசி பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் மூத்த ஆபரேட்டர் சிரித்தார்: "தண்ணியில இல்லைன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுது. பாசி கேக்க மாட்டேங்குதே, மேடம்." பாசி கிடைக்கும்போது பாஸ்பேட்டை அளவுக்கு மீறி எடுத்து, பாலிபாஸ்பேட்டாக, அதாவது பாஸ்பேட் சங்கிலிகளாக, செல்லுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். எதுவும் தேங்காது என்ற எடுகோளுக்கே இது முரண். பாசி ஆய்வாளர் ட்ரூப் 1968லேயே சொன்னதுதான்: வளர்ச்சியைத் தீர்மானிப்பது தண்ணீரில் உள்ள அளவு அல்ல, செல்லுக்குள் உள்ள இருப்பு. ஆகவே பாஸ்பரஸுக்கு மட்டும் தனியாக ஓர் இருப்புக் கணக்கை மாடலுக்கு வெளியே வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்கிறது.

நைட்ரேட்டா, அம்மோனியமா, யூரியாவா என்பது இன்னொரு தகராறு. நைட்ரேட்டை அம்மோனியமாக மாற்றச் செல் 8 எலக்ட்ரான் செலவழிக்க வேண்டும். ஒளி தட்டுப்பாடான அடர்ந்த தொட்டியில் அதுவும் கரியமில வாயுவைப் பிடிக்கச் செலவாக வேண்டிய பணம்தான். அதனால் மாடல் எப்போதும் அம்மோனியத்துக்கே ஓட்டுப் போடும். ஆனால் அதற்குப் பிஎச் தெரியாது. அம்மோனியத்தை எடுக்கும் பாசி தண்ணீரை அமிலமாக்கும், நைட்ரேட்டை எடுத்தால் காரமாக்கும். பிஎச் 9.25ஐ ஒட்டி வந்தால் அம்மோனியத்தில் பாதி அம்மோனியாவாக மாறிச் செல்லுக்கே விஷமாகும். மதியம் கரியமில வாயு வால்வு அடைத்துக்கொண்டால் பிஎச் எங்கே போகும் என்று ஆபரேட்டருக்குத் தெரியும், நேரியல் திட்டத்துக்குத் தெரியாது. நாங்கள் பெரும்பாலும் நைட்ரேட்டிலேயே நின்றோம். யூரியாவைச் சிறிய தொட்டிகளில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. மாடலின் இலக்கை எண்ணெய் என்று மாற்றினால், அது கார்பனை எல்லாம் எண்ணெயில் கொட்டி, வளர்ச்சியைப் பூஜ்யமாக்கி ஒரு பிரமாதமான புள்ளிவிவரத்தைக் காட்டும். மேலிடத்துக் கூட்டங்களில் அந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டாமல் இருப்பதே நல்லது. காட்ட வேண்டியது நடுவில் வரும் கோடு: இவ்வளவு எண்ணெய் வேண்டுமென்றால் இவ்வளவு வளர்ச்சியை விட வேண்டும் என்பது. அதைப் பார்த்தபின்தான் நைட்ரஜனை எப்போது நிறுத்துவது என்ற பேச்சு உருப்படியாக நடந்தது.

இப்போது கையில் இருப்பது இரவுக் கேள்வி. பகலில் சேர்த்த மாவுப்பொருளைப் பாசி இருட்டில் எரிக்கிறது, காலையில் எடை சற்றுக் குறைந்திருக்கும். நைட்ரஜன் பசியில் இருக்கும் குளோரெல்லா இருட்டிலும் நைட்ரஜனை எடுத்து அந்த மாவைப் புரதமாக்கும். அப்படியானால் தவணையில் ஒரு பங்கை மாலைக்குத் தள்ளலாம் என்று மாடல் சொல்கிறது. பகலில் ஒளிக்கு ஒரு கணக்கு, இரவில் இருப்புக்கு ஒரு கணக்கு என்று இரண்டையும் கோத்து ஓட்டிப் பார்த்துவிட்டேன், விடை நன்றாகத்தான் இருக்கிறது. இரவு ஷிப்ட்காரர்கள் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊட்டத்தை அளந்து விடும் டோசிங் பம்பை டைமரில் போட்டுத் தந்தால் பார்க்கலாம் என்கிறார்கள், அதற்கான கோப்பு கொள்முதல் பிரிவில் இருக்கிறது.