ஸ்டிச்சிங் லைனிலிருந்து கிராம அலுவலகத்துக்கு

எங்கள் ஷூ கம்பெனியில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோல், தைத்துக்கொண்டிருந்த பெண் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) ஆகிவிட்டாள். நியமன ஆணை கைக்கு வந்துவிட்டது. "பேரு மட்டும் போடாதக்கா, போயி சேர்ந்தப்புறம் போட்டுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் தங்கச்சி என்றே எழுதுகிறேன். லைனில் நான் அவளைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

செய்தி தெரிந்ததிலிருந்து ஆளாளுக்கு ஒரே கேள்விதான். "சம்பளம் இன்னா வரும்?" அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது, படி தனி. கேட்பதில் தப்பே இல்லை. மாசக் கடைசியில் மளிகைக் கடை நோட்டைப் பார்த்துப் பார்த்து வாழ்கிற வீடுகள்தான் எங்களுடையவை. ஆனால் அதற்கு அடுத்ததாக ஒன்று சொல்கிறார்கள்: "அவளுக்கு நேரம் நல்லா இருந்துச்சு." அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதை அப்படியே எழுதுவதுதான் நான் அவளுக்குச் சொல்லும் வாழ்த்து.

எங்கள் கம்பெனி ஆம்பூர் பக்கம். நாங்கள் இருப்பது பள்ளிகொண்டா பக்கம். விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் பெங்களூர் ரோட்டில் வந்து நிற்கும். வெட்டுவாணம், அகரம்சேரி, மாதனூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெண்கள் ஏறுவார்கள். பஸ் முழுக்க டிபன் பாக்ஸ் வாசனை. பாதிப் பேர் ஏறியதுமே தூங்கிவிடுவார்கள், ஏனென்றால் நாலு மணிக்கே எழுந்து சோறாக்கி, பிள்ளைகளுக்குக் கட்டி வைத்துவிட்டு வந்தவர்கள். தங்கச்சி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான பள்ளிக்கூடப் புத்தகங்கள். தெருவில் உள்ள பிள்ளைகளிடம் பரீட்சை முடிந்ததும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டவை. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் யாரோ ஒரு பையன் வரைந்த கிரிக்கெட் மட்டைகளோடு இருக்கும்.

கோச்சிங் சென்டர் போக அவளுக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் பஸ்தான் சென்டர், நான்தான் கேள்வி கேட்கிற ஆள். புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். நான் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வருவேன். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது எப்போது? 1806 ஜூலை 10. தினமும் யாராவது ஒருத்தி ஆஸ்பத்திரிக்கோ மார்க்கெட்டுக்கோ அந்தக் கோட்டையைத் தாண்டிப் போகிறாள், தேதி யாருக்கும் தெரியாது. இவள் சொன்ன பிறகு பின் சீட்டில் இருந்த ஒரு அம்மா, "அப்படியா பாப்பா, அங்க சண்டை வேற நடந்துச்சா?" என்று எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் அந்த அம்மாவும் தினமும் காது கொடுத்துக் கேட்பார். திருக்குறள் அதிகாரப் பெயர்கள் பாதி பஸ்ஸுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பு வி.ஏ.ஓ.வுக்குத் தனித் தேர்வு இருந்தது, இப்போது குரூப் 4 தேர்வோடு சேர்த்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பு போதும். மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் நாற்பது சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மற்ற நூறில் 75 பொது அறிவு, 25 கணக்கு மாதிரியான திறனறிவு. பத்துப் பேர் ஆறு நாளில் முடிக்கும் வேலையை எத்தனை பேர் நாலு நாளில் முடிப்பார்கள் என்ற மாதிரிக் கணக்குகள் வரும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜோடி, ஆள் வராவிட்டால் டார்கெட் எப்படி மாறும் என்று லைனிலேயே வாழ்ந்தவளுக்கு அது பேப்பர் இல்லாமலே வரும். வரலாற்று ஆண்டுகள்தான் அவளுக்குப் பாடு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய கார்டுகளின் பின்பக்கத்தில் ஆண்டுகளை எழுதி எழுதிப் பார்ப்பாள்.

இதற்கு முன்னாலும் எழுதி வராமல் போயிருக்கிறது. அந்த முறை ரிசல்ட் வந்த மறுநாளும் அவள் பஸ்ஸில் புத்தகத்தோடு ஏறினாள். நான் ஒன்றும் பேசவில்லை, கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தேர்வுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை ஷிப்மெண்ட் அவசரம் என்று ஓ.டி. வைத்தார்கள். அவள் லீவு கேட்கவில்லை. சாயங்காலம் வரை தைத்துவிட்டுப் போய், காலையில் ஹாலில் உட்கார்ந்தாள். தீபாவளிக்கு முன்னால் ரிசல்ட் வந்தது. அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. தமிழ் வழியில் படித்ததற்கான சான்று வாங்க அவள் பழைய பள்ளிக்கூடத்துக்கு அலைந்தது ஒரு கதை. சென்னைக்குப் போக ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தாள். கலந்தாய்வில் வேலூர் மாவட்டத்தையே எடுத்துவிட்டாள். அம்மா தனியாக இருக்கிறார், அதுதான் காரணம். எங்கள் பக்கத்து எல்லைகளைப் பற்றி ஒரு வார்த்தை: ஒரு காலத்தில் எல்லாமே வட ஆற்காடு. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. அதனால் இவள் இத்தனை வருஷம் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஷூ தைத்துவிட்டு இப்போது சொந்த மாவட்டத்துக்கு வேலைக்கு வருகிறாள்.

சரி, ஒரு வி.ஏ.ஓ. வேலைக்கு ஏன் இத்தனை நீளமாக எழுதுகிறேன்? எனக்கு அந்த நாற்காலியின் கதை தெரியும். என் அப்பா சொல்லிச் சொல்லி மனதில் பதிந்தது.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு மணியக்காரர், ஒரு கர்ணம். வரி வசூல் மணியக்காரர் கையில், நிலக் கணக்கு கர்ணம் கையில். அப்பன் கையிலிருந்து மகன் கைக்குக் கணக்குப் போகும். எங்கள் ஜனங்கள் அந்த வீட்டுத் திண்ணைக்குக் கீழே, தெருவில் நின்று பேசுவார்கள். எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அந்த ஒரு வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. படிக்கத் தெரியாத ஜனத்துக்குத் தன் வீட்டு மனை தன்னுடையதுதானா என்பதே அவர் வாயால் கேட்டுத்தான் தெரியும். பரம்பரை உரிமை சட்டத்தில் அதற்கு முன்பே போய்விட்டது, ஆனால் ஊரில் பழக்கம் போகவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பகுதிநேர கிராம அதிகாரி பதவிகளையே ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1982-இல் அரசு செய்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர்கள். என் அப்பா அந்தச் சேதியை ரேடியோவில் கேட்டாராம். "இனிமே பரீட்சை எழுதுனவன்தான் கணக்கு எழுதுவான்" என்று அம்மாவிடம் சொன்னாராம். எழுதுகிறவள் பெண்ணாக, தோல் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தவரின் மகளாக இருப்பாள் என்று அவர் நினைத்திருப்பாரா, தெரியாது. இருந்திருந்தால் இன்று அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

தங்கச்சியின் அப்பா அவள் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழுக்கும் விதவை உதவித்தொகைக்கும் அவள் அம்மா ஓர் அலுவலகத்தின் வாசலில் நின்ற நிற்பு கொஞ்சநஞ்சமில்லை. சார் இல்லை, நாளைக்கு வா. இந்தத் தாள் இல்லை, நாளைக்கு வா. ஒரு நாள் கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்பது அங்கே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாமல் இல்லை. தங்கச்சி சின்னப் பெண்ணாக அம்மா பக்கத்தில் நின்று அதையெல்லாம் பார்த்திருக்கிறாள். குரூப் 4-இல் எத்தனையோ வேலை இருக்கிறது, தட்டச்சர், இளநிலை உதவியாளர் என்று. இவள் ஏன் வி.ஏ.ஓ.தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள் என்பது எனக்குத் தெரியும்.

இனி அவள் மேசைக்கு எல்லாம் வரும். சாதி, வருமானம், இருப்பிடம் என்று எந்தச் சான்றிதழாக இருந்தாலும் முதல் விசாரணை அவளுடையது. ஊரில் பிறப்பும் இறப்பும் அவள் பதிவு. என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று அடங்கல் எழுத வேண்டும். கிராமக் கணக்குகள் மொத்தம் 24, அதில் அடங்கல் இரண்டாவது. ஜூலையில் புதுப் பசலி, அதாவது நிலக் கணக்குக்கான ஆண்டு, பிறக்கும். அதற்கு முன்னால் ஜமாபந்தியில், வருஷா வருஷம் நடக்கும் கணக்குத் தணிக்கையில், எல்லாவற்றையும் காட்ட வேண்டும். மழை வந்தால் தூக்கம் கிடையாது. 2021 நவம்பரில் பாலாறு எப்படி வந்தது என்று எங்கள் பக்கத்து ஜனத்துக்கு மறக்காது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் செத்துப்போனார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். யார் வீடு விழுந்தது, எத்தனை மாடு போனது என்று ஈரத்தில் நடந்து கணக்கு எடுப்பது வி.ஏ.ஓ.தான்.

இந்த வேலைக்கு அவள் பொருத்தமானவள் என்று நான் சொல்வது பாசத்தில் இல்லை. நான் செக்கிங்கில் இருக்கிறவள். ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல், ஓரத்திலிருந்து தையல் எவ்வளவு தள்ளி, நூல் முனை சரியாக வெட்டியிருக்கிறதா, தோலில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று ஜோடி ஜோடியாகப் பார்ப்பதுதான் என் வேலை. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை நிற்கும். பிரித்தாலும் அந்த வரிசை ஓட்டை கண்ணுக்குத் தெரியும், பீஸ் போனது போனதுதான். போஸ்ட் பெட் மிஷினில், அதாவது தைக்கிற இடம் தூண் மாதிரி உயர்ந்திருக்கிற தையல் மிஷினில், வளைவான இடத்தில் அவள் தைக்கும்போது பெடலில் இருந்து காலை எடுத்து, கையால் சக்கரத்தைத் திருப்பி ஒவ்வொரு தையலாக இறக்குவாள். டார்கெட் நேரத்திலும் அப்படித்தான். சூப்பர்வைசர் பாய் முதலில் சத்தம் போட்டார், அப்புறம் அவள் பீஸ் திரும்பி வருவதே இல்லை என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார். புதுசாக ஆர்டர் வந்தால் மாதிரி ஜோடி அவளிடம்தான் போகும். பட்டாவில் ஓர் எழுத்து, சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தப்பாக விழுந்தாலும் தோலில் விழுந்த ஓட்டை மாதிரிதான். சரிசெய்ய ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் அலையும். அந்தக் கை அங்கே போகிறது என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி.

தங்கச்சி, இனிமேல் உன்னிடமே பேசுகிறேன்.

யாராவது நூறு ரூபாயை மடித்து மேசைக்கு அடியில் நீட்டுவார்கள். கேட்காமலே நீட்டுவார்கள், கொடுக்காவிட்டால் வேலை நடக்காது என்று பயந்து நீட்டுவார்கள். அந்தப் பயம் உன் அம்மாவுக்கும் இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது சத்தம் போட்டு அவமானப்படுத்தாதே. "வெச்சுக்கோம்மா, பஸ்ஸுக்கு ஆகும்" என்று சொல். வாங்காத ஆளை, கூட வேலை செய்கிறவர்களே சில சமயம் ஒதுக்குவார்கள். அப்போது எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாலாற்று மணல். ராத்திரியில் வண்டி போகும் சத்தம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸை அவர் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அந்தச் செய்தியை நாம் பஸ்ஸில்தான் படித்தோம், நீ அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாய். புகார் கொடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். தனியாகப் போகாதே. கிராம உதவியாளரைக் கூட்டிக்கொண்டு போ, தாசில்தாருக்கும் போலீசுக்கும் எழுத்தில் கொடு, நகலை வீட்டில் வை.

பொறுப்புக் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. எந்த ஊர் என்று இன்னும் தெரியவில்லை. ஒடுகத்தூர் பக்கத்து மலையடிவாரமாக இருந்தால் பஸ் குறைவு, ஸ்கூட்டி இல்லாமல் முடியாது. அதனால் லைனில் எல்லோரும் சேர்ந்து என்ன வாங்கலாம் என்று பேசினோம். கைக்கடிகாரம் என்றார்கள், பட்டுப் புடவை என்றார்கள். கடைசியில் நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கியிருக்கிறோம். பின் சீட்டு அம்மாதான் அதற்கு முதல் ஆளாகப் பணம் போட்டார். நிறம் பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் கடையில் மாற்றிக்கொள்ளலாம், பில் என்னிடம் இருக்கிறது.

மனமார்ந்த வாழ்த்துகள் தங்கச்சி. முதல் மாசச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடு, கோயிலுக்குப் போ, எல்லாம் செய். அதோடு கண்ணாடியையும் மாற்று. ஊசி முனையைப் பார்த்துப் பார்த்து உன் கண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். இனி பார்க்க வேண்டியது புலப்படத்தில், நிலத்தை அளந்து வரைந்த படத்தில், உள்ள சின்னச் சின்ன எண்கள்.