"முறைச்சான் சார்"

வன்முறைக் குற்றங்களுக்காகச் சிறார் இல்லத்துக்கு வரும் பையன்களோடு பேசுவது பல வருடங்களாக என் வேலை. "ஏன் அடிச்சே?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "முறைச்சான் சார்." முன்பகை, போதை, பணத்தகராறு எல்லாம் வழக்குக் கோப்பில் இருக்கும். பையன் சொல்வது அந்தப் பார்வையை மட்டும்தான்.

இதைச் சாக்குப்போக்கு என்று நான் தள்ளுவதில்லை. சிறைகளில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய ஜேம்ஸ் கில்லிகன், தான் கண்ட கொடூரங்களின் அடியில் அவமான உணர்வே இருந்ததாக எழுதினார். என் அனுபவமும் அதற்கு அருகில்தான் வருகிறது. அதோடு வளரிளம் பருவத்துக்கென்று ஓர் ஆபத்து உண்டு. ஐந்து வயதில் இயலாமையோடு அழுது தீர்த்த அதே கோபத்துக்கு, பதினைந்து வயதில் ஆளைக் கொல்லும் பலம் வந்துவிடுகிறது.

ஒரு பையன், வயது பதினாறு. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கூடப் படித்தவனைக் கீழே தள்ளி மிதித்திருந்தான்.

"அவன் உன்னைப் பாத்தப்போ என்ன நினைச்சிருப்பான்?"

"கேவலமா நினைச்சான்."

"வேற ஏதாவது நினைச்சிருக்கலாமா?"

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வேற என்ன சார் நினைக்க முடியும்?" என்றான். எதிர்த்துப் பேசவில்லை; நிஜமாகவே கேட்டான்.

வாசலில் அப்பா நுழையும்போதே அந்த முகத்தைப் பார்த்து, இன்று அடி விழுமா என்று கணித்து வளர்ந்தவன் அவன். முகங்களில் தேட அவன் கற்றுக்கொண்டது ஆபத்தை மட்டும். எதிராளிக்கும் தன்னைப் போல ஒரு மனம் உண்டு, அதில் பல எண்ணங்கள் ஓடலாம் என்பது தானாக வருவதில்லை. நம் மனதில் ஓடுவதை யாராவது அக்கறையோடு யோசித்துப் பார்த்திருந்தால்தான் அது வளரும் என்கிறார் உளப்பகுப்பாய்வாளர் பீட்டர் ஃபோனகி. மிதித்தபோது என்ன சொன்னாய் என்று பிறகொரு நாள் கேட்டேன். "யார்கிட்ட வச்சுக்கிறே?" அப்பா அவனை அடிக்கும்போது சொல்வதும் அதுவேதான். அடிப்பவனாகவே மாறித் தன் பயத்திலிருந்து தப்பிக்கும் இந்த வழியை, குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வின் முன்னோடி அன்னா ஃபிராய்ட் 1936-லேயே விவரித்துவிட்டார்.

அடிபட்டு வளர்ந்த எல்லாப் பிள்ளைகளும் அடிப்பதில்லை. மிதிபட்ட பையனின் வலிக்கு இந்த விளக்கம் ஈடாகாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது நீதி.

இல்ல ஊழியர்களைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு ஆஸ்திரியாவில் சிறார் இல்லம் நடத்திய ஆகஸ்ட் ஐக்ஹார்ன், மிக முரட்டுப் பையன்களை ஒரே குழுவாக வைத்து, பதிலடி கொடுக்காமல் பார்த்துக்கொண்டார். அவர்கள் சாமான்களை உடைத்துத் தள்ளினார்கள், காலப்போக்கில் அடங்கினார்கள். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் இல்லத்தில் இதை அப்படியே செய்யச் சொல்வது ஊழியர்களுக்கு அநியாயம். ஆனால் அதன் சாரம் அவசியம்: பையன் நம்மை அடிக்கத் தூண்டும்போது அடிக்காமல் நிற்பது. சமூகவிரோதப் போக்கில் நம்பிக்கையின் அறிகுறி இருக்கிறது என்று 1956-ல் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட் சொன்னார். பறிபோனதைத் திருப்பித் தரும் யாரோ இருக்கிறார்கள் என்று நம்புகிறவன்தான் இவ்வளவு தொல்லை கொடுப்பான். அந்தத் தொல்லையைத் தாங்குகிற வார்டனுக்கு வெறுப்பு வரும், வரத்தான் செய்யும். அதை வெட்கப்படாமல் சொல்ல வாராந்திரக் கூட்டம் இல்லாவிட்டால், அது தண்டனையாக வெளியே வரும்.

எல்லா வன்முறையும் இந்த வகையில் அடங்காது. பயத்தில் தன்னைக் காத்துக்கொள்ளும் வன்முறை வேறு, அடுத்தவர் வேதனையை ரசிக்கும் வன்முறை வேறு என்று உளப்பகுப்பாய்வாளர் மெர்வின் கிளாசர் பிரித்தார். இரண்டாம் வகைப் பையன்கள் குறைவு. அவர்களிடம் அவமானம் பற்றிப் பேசினால், அந்தப் பேச்சையே என்னை வளைக்கப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு நீண்ட சிகிச்சையும், வெளியே அனுப்பும் முன் கறாரான ஆபத்து மதிப்பீடும் வேண்டும். சிகிச்சை தருபவரும் மதிப்பிடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. விடுதலைக்கான கையெழுத்து என் கையில் இருக்கிறது என்று தெரிந்தால், எந்தப் பையன் என்னிடம் உண்மை பேசுவான்?