வயதான ஹாம்ஸ்டர் கூண்டு: சாய்தளம் முடிந்தது, சக்கரம் பாக்கி

சாய்தளம் ஒருவழியாகச் சரிப்பட்டுவிட்டது. பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்கும் சிரியன் ரக ஆண் ஹாம்ஸ்டர், இரண்டு வயது தாண்டிய பெரியவர், மணல் தொட்டிக்குள் தானாக ஏறிப் புரண்டுவிட்டுத் தானாகவே இறங்கிவிட்டார். முந்தைய வடிவங்கள் எல்லாம் குப்பைக்கு.

கூண்டில் கை வைக்கும் முன் ஒன்று. நடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால்தான் அது முதுமை. நேற்று ஓடியது இன்று கால்களை இழுத்தால் முதுகுத்தண்டில் அடியோ வேறு கோளாறோ இருக்கலாம், முதலில் மருத்துவர்தான். இது மூட்டுவாதம் என்று உறுதியான கேஸ், வலிக்கு அவர் எழுதித் தந்த மெலாக்சிகாம் ஓடுகிறது. நம் மாத்திரை டப்பாவில் இருக்கும் பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் கூண்டுப் பக்கமே வரக்கூடாது.

தொட்டி மூன்றடிக்கு ஒன்றரை அடி, கண்ணாடி, மேலே கம்பி வலை. மேல்தட்டு, தொங்குபாலம், குழாய் எல்லாம் வெளியே போய்விட்டன. முன்பு ஒரு சாண் ஆழத்துக்கு மேல் இருந்த காகித பெட்டிங் (தரையில் பரப்பும் காகிதத் துகள்) இப்போது 6, 7 செ.மீ.தான், அதையும் உள்ளங்கையால் அழுத்திவிட வேண்டும். பொலபொலவென்று விட்டால் கால் வலுவில்லாத பிராணிக்கு உழுத வயலில் நடக்கிற மாதிரி. தோண்டும் ஆசை வயதானாலும் போகாது, அதனால் ஒரு மூலையில் மட்டும் 12 செ.மீ., அதுவும் படிப்படியாகச் சரிந்து ஏறும்படி. கூட்டுக்கு வாசனை சேர்க்காத டிஷ்யூவைக் கிழித்துப் போட்டால் போதும். கடையில் ‘ஹாம்ஸ்டர் பஞ்சு’ என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டவே வேண்டாம். இழை காலில் சுற்றி இறுக்கும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

வீடு, தண்ணீர், சாப்பாட்டுத் தட்டு மூன்றும் பழைய இடத்திலேயே. ஹாம்ஸ்டருக்குக் கண் எப்போதுமே சுமார்தான், மூக்கையும் மீசையையும் நம்பித்தான் வாழ்கிறது. பழைய பெட்டிங்கில் மூன்றில் ஒரு பங்கையாவது புதியதோடு கலக்காவிட்டால் தன் வீடே தெரியாமல் அலையும்.

இப்போது சாய்தளம். மணல் தொட்டியின் விளிம்பு 4 செ.மீ. உயரம். ‘விளிம்பையே தாழ்த்தினால் என்ன?’ என்றால், 2 செ.மீ. விளிம்பில் ஒரே ராத்திரியில் மணல் வெளியே, பெட்டிங் உள்ளே. ஆக ஏற்றம் தேவை. கடைச் சாய்தளங்களில் பல கிடைநீளத்தில் பாதி உயரம் ஏறுகின்றன, ஏறத்தாழ 27 டிகிரி. இளசுக்கு அது விளையாட்டு, கிழத்துக்கு மலை. ஒன்றுக்கு நான்கு என்று வைத்தால் 14 டிகிரிதான்: 4 செ.மீ. ஏற 16 செ.மீ. கிடைநீளம். அகலம் 12 செ.மீ., பாதியில் மனம் மாறினால் திரும்பிக்கொள்ள இடம் வேண்டும்.

சிக்கல் மேற்பரப்பில்தான். எல்லோரும் ஐஸ்கிரீம் குச்சியைக் குறுக்கே வரிசையாக ஒட்டச் சொல்கிறார்கள். அது பாதத்தால் பற்றி ஏறும் பிராணிக்கு. இழுபடும் காலுக்கு ஒவ்வொரு குச்சியும் ஒரு தடை. விரல் மாட்டும், முன்னங்கால் இழுக்கும், இடுப்பு முறுக்கும். துண்டுத் துணி அதைவிட மோசம், நகம் நூல் வளையத்தில் சிக்கினால் பிய்த்துக்கொள்ளும். ரப்பர் மேட் பிடிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் கடித்துத் தின்றுவிடும். கடைசியில் நின்றது 3 மி.மீ. கார்க் ஷீட், குச்சி ஏதும் இல்லாமல். நகம் இறங்கும் அளவுக்கு மெத்து, இழுபடும் கால் தடங்கலில்லாமல் வழுக்கி வரும் அளவுக்குச் சமன். பின்னால் ஸ்டிக்கர் பசை உள்ள ரகம் வேண்டாம், வெறும் ஷீட்டே வாங்குங்கள். பலகையில் ஒட்ட மைதா பசை பாதுகாப்புதான், ஆனால் பசையை நக்கவே கார்க்கை உரித்துவிடுவார். வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி, மேலே கனமான புத்தகம் வைத்து, வாடை முழுக்கப் போகும்வரை இரண்டு நாள் காயவிட்டால் ஓரம் தூக்காது.

இரண்டு பக்கமும் 3 செ.மீ. தடுப்பு. விழாமல் இருக்க மட்டுமல்ல, விலாவைச் சாய்த்துக்கொண்டே ஏறுவதற்கும். மேலே போனதும் 10 செ.மீ. சமதளம், அதற்கு அப்பால் விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழே வரை மணல். இறங்கும் உயரம் அவ்வளவுதான்.

அடிமுனைதான் கழுத்தறுப்பு. பலகை நுனியைப் பெட்டிங்குக்குள் புதைத்தால் நாலு தடவை மிதித்ததும் பெட்டிங் அமுங்கி, நுனி ஒரு செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். அந்த ஒரு செ.மீ.யைத் தாண்ட முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிடும். தீர்வு: நுனிக்குக் கீழே ஒரு டைல்ஸ் துண்டு, அதைத் தாங்க மரக்கட்டை, கட்டை தொட்டித் தரையில். டைல்ஸ் பெட்டிங் மட்டத்துக்கு வந்துவிட்டால் எவ்வளவு அமுங்கினாலும் நுனி அசையாது. டைல்ஸின் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும். தோண்டுவது குறைந்து நீளும் நகம் கொஞ்சம் தேயும்.

மணல் பற்றி: எம்-சாண்ட் உடைத்த கல், முனை கூர்மை, தோலைக் கீறும். ஆற்று மணலைச் சலித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவி, வாணலியில் வறுத்து ஆறவைத்தது போதும். தூளாகப் பறக்கும் ரகம் நுரையீரலுக்கு ஆகாது. மூத்திரம் போவதும் மணலில்தான் என்பதால் தினம் ஈரக்கட்டியை அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிவயிறு வெந்து சிவக்கும்.

தண்ணீர் பாட்டிலின் மூக்கைப் பெட்டிங் மட்டத்திலிருந்து 5 செ.மீ.க்கு இறக்கியாயிற்று. போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து மூக்கில் உள்ள குண்டு சிக்கிக்கொள்ளும், கேன் தண்ணீர் நல்லது. 100 கிராம் எடைக்கு நாளுக்குச் சுமார் 10 மி.லி. குடிக்க வேண்டும், பாட்டிலில் கோடு போட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே ஒன்றரை செ.மீ. ஆழப் பீங்கான் தட்டும் உண்டு. மண் அகல் வேண்டாம், நீர் கசிந்து பெட்டிங் நனையும். எடையைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை பார்த்து, பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம்.

கண்ணாடித் தொட்டி தேடுபவர்கள் சென்னையில் கொளத்தூர் மீன் கடைகளைச் சுற்றுங்கள். மீனுக்கு உதவாத கசியும் தொட்டி நமக்குத் தாராளம், பேரம் பேசலாம். டைல்ஸ் துண்டை டைல்ஸ் கடைகளில் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள்.

அடுத்தது 28 செ.மீ. சக்கரம். எடுத்துவிடலாம் என்பார்கள், அசைவு நின்றால் மிச்சத் தசையும் கரையும். தாங்கியைப் பெட்டிங்கில் புதைத்து, உள் அடிப்பரப்பைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தால் நுழைவது சுலபம். ஆனால் சக்கரம் லேசாகச் சுழல்வதால் நின்றதும் பின்னால் உருண்டு காலை வாருகிறது. அச்சில் ஃபெல்ட் வாஷர் (அழுத்திய கம்பளித் துணி வளையம்) போட்டு இறுக்கிப் பார்க்கப் போகிறேன். 8 மி.மீ. துளையில் ஃபெல்ட் வாஷர் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கவில்லை. தையல் மெஷின் ரிப்பேர்காரர்களிடம் கேட்க வேண்டும்.